காகத்துக்கு வைத்த சோறு

“கா… கா… கா…” என்று பக்கத்து வளவில் கூப்பிடும் சத்தம் கேட்டதும் கதிர்காமநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புரட்டாசி மாதத்து முதல் சனிக்கிழமை. சிட்னிப் புறநகரான கிரவீனில் அந்த ஒரு தெருவில் மட்டும் ஏழு தமிழ் வீடு. ஏழு வீட்டிலும் விரதம். நல்லெண்ணெயில் எள்ளுப் பொட்டலம் எரித்து, சனீஸ்வரனைக் கும்பிட்டு, எள்ளுக் கலந்த சோற்றை வாழையிலைத் துண்டில் வைத்துப் பின்வளவு வேலியில் ஏற்றிவிட்டுக் காகத்தைக் கூப்பிடுவார்கள். காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. ஊரிலும் அப்படித்தான், சிட்னியிலும் அப்படித்தான். அதில் கதிர்காமநாதனுக்கு ஒரு வழக்கும் இல்லை. கூப்பிடுவது காகத்தை, வருவது மைனா. அதுதான் வழக்கு.

மஞ்சள் சொண்டும் மஞ்சள் காலுமாக நாலைந்து வரும். வேலியில் இறங்கி, வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரன் மாதிரி நடக்கும். இலையை வழித்துத் துடைத்துவிட்டுப் போன பிறகுதான் காகம் ஒன்று எங்கேயோ மரத்தில் இருந்து குழந்தை அழுவது போல இழுத்துக் கத்தும். சோறு போயிற்று, ஏதோ ஒன்று தின்றுவிட்டது என்று எல்லாரும் உள்ளே போய் இலை போட்டுவிடுவார்கள்.

கதிர்காமநாதனுக்கு எழுபது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அகதியாகப் படகில் வந்து, முகாமின் கம்பி வேலிக்குள் இரண்டு வருடம் இருந்து, வெளியே விட்ட பிறகு செவன் ஹில்ஸில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்து, முழங்கால் போனதும் வீட்டோடு நின்றவர். யாரையும் நம்பமாட்டார். தபாலில் ஒரு கடிதம் வந்தால் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து வாசிப்பிப்பார். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் பாதியை நம்புவார்.

அவருடைய வளவுக்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடைக்கரையோடு கவுன்சில் விட்டுவைத்திருக்கும் சின்னக் காடு. அங்கே ஒரு கிழட்டு யூக்கலிப்டஸ் மரத்தில், பொந்து இல்லாத பறவைகளுக்காகத் தொண்டர்கள் அடித்துவைத்த மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் நம்பர்ப் பெட்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் வேலியோரம் புல்லு வெட்டப் போனபோது அந்த மரத்தடியில் நாலு கிளிக்குஞ்சு கிடப்பதைக் கண்டார். இறகு முளைக்காதவை. மண்டை கொத்துப்பட்டிருந்தது. தாயும் தகப்பனும் கிளையில் இருந்து கத்துகின்றன. பெட்டி வாசலில் ஒரு மைனா பிளாஸ்டிக் துண்டும் வைக்கோலுமாக உள்ளே கொண்டுபோகிறது.

வீட்டுக்குள் இருப்பவனைப் பிள்ளைகுட்டியோடு வெளியே எறிந்துவிட்டு, அந்த வீட்டு வாசலிலேயே நின்று பல்லுக் குத்துகிறவனை அவர் முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. அன்றைக்கே மைனா பிடிக்கும் தொண்டர் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

குழுவுக்குப் பொறுப்பு பார்கவி. திருச்சிப் பக்கத்துப் பெண், ஏதோ ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் கொடுத்த பொறிக்கூட்டில் நாய் பிஸ்கட் போட்டு வைத்தால் மைனா உள்ளே போகும், திரும்பி வர முடியாது. வாயில் கம்பிகள் உள்நோக்கி வளைந்திருக்கும். பிடிபட்டதைத் துணியால் மூடி, தண்ணீர் வைத்து, பார்கவிக்கு போன் எடுத்தால் அவள் வந்து கொண்டுபோவாள். மிருக வைத்தியர் ஊசியால் நோகாமல் முடிப்பாராம். கதிர்காமநாதன் அதையும் நம்பவில்லை. இவள் போகிற வழியில் திறந்துவிடுகிறாளோ என்று, ஒரு மைனாவின் காலில் மனைவி பவளத்தின் சிவப்பு நகப்பூச்சைத் தடவி அனுப்பினார். அது திரும்பி வரவில்லை. “கழுவிப்போட்டும் விட்டிருப்பாள்” என்றார் பவளத்திடம்.

இந்த வருடம் வைகாசியில் இருந்து நாற்பத்து மூன்று பிடித்தாயிற்று. ஒன்பதாம் நம்பர்ப் பெட்டியில் கிளி திரும்பவும் குஞ்சு பொரித்திருந்தது. மைனாவில் மிச்சம் ஒரு சோடி. ஆண் மைனாவுக்குத் தலையில் இறகு கொட்டி மஞ்சள் தோல் தெரியும். மொட்டையன் என்று பெயர் வைத்திருந்தார். மொட்டையன் கூட்டுக்குக் கிட்ட வருவான், வாயில் தலையை நீட்டுவான், பின்வாங்குவான். சந்தேகப்படுகிறவனைக் கதிர்காமநாதனுக்குத் தெரியும். வாய் சின்னதாக இருப்பதுதான் அவனுக்குச் சந்தேகம் என்று முடிவு கட்டி, பழைய வெல்டிங் மெசினை எடுத்துக் கூட்டின் வாயை இன்னும் நாலு விரல் அகலமாக்கினார். அப்படியும் மொட்டையன் வரவில்லை. ஏன் வருவான்? ஏழு வீட்டுச் சோறு வேலியில் கிடக்கிறது.

“வரதராஜா! இஞ்ச வாரும்!”

வரதராஜா வேலியடிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று குறித் திருநீறு. கணக்காளராக இருந்து ஓய்வெடுத்தவர். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவர். கோவில் நிர்வாகசபைச் செயலாளர்.

“என்ன அண்ணை, விடியவே சன்னதம்?”

“உம்மட காகத்தைப் பாரும். சொண்டு மஞ்சள், கால் மஞ்சள். சனீஸ்வரன் வாகனத்தை மாத்திப்போட்டாரோ?”

வரதராஜா சிரித்தார். “எந்தச் சீவன் திண்டாலும் புண்ணியம்தானே அண்ணை.”

“புண்ணியம் உமக்கு. சாவு கிளிக்குஞ்சுக்கு. இஞ்ச எள்ளுச் சோறு கிடக்கேக்க அவன் என்ர கூட்டுக்க நாய் பிஸ்கட் தின்ன வருவானோ?”

“அவன் எண்டால் ஆர்?”

“மொட்டையன்.”

“மைனாவுக்குப் பேரும் வைச்சாச்சோ?” வரதராஜா உள்ளே திரும்பி, “இஞ்சாரும், கேட்டீரே?” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“பகிடியை விடும். நாலு சனிதான். புரட்டாசி முடியக் குஞ்சு பறந்திடும். அதுமட்டும் சோத்தை வைச்சிட்டுப் பக்கத்தில நில்லும். மைனா வந்தால் துரத்திக் கலையும், காகம் வந்தால் விடும். அவ்வளவுதான் கேக்கிறன்.”

“காகத்துக்கு வைக்கிற சோத்துக்கு நான் காவல் நிக்கிறதோ? பதினொரு மணிக்கு எனக்குக் கோவில்ல கூட்டம் இருக்கு, அண்ணை.”

மற்ற வீடுகளுக்கும் போனார். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை, உள்ளே டி.வி. மட்டும் கேட்டது. ஒரு வீட்டில், அங்கிள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றார்கள். தேத்தண்ணி குடிக்கவா வந்தேன் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

சொந்த வீட்டிலும் பவளம் காகத்துக்கு வைத்தாள். ஆனால் அவள் விளக்குமாறும் கையுமாக வேலியடியில் நிற்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

“ஏழரைச் சனி உங்களுக்கு. பட்டினி எனக்கு. இதில விளக்குமாறும் எனக்கோ?” என்றாள் பவளம்.

“நான் விரதம் பிடி எண்டு சொன்னனானோ?”

“நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. சொல்லச் சொல்லத்தான் சனி கூடுது.”

புதன்கிழமை பார்கவி வந்தாள். நீளத் தடியில் சின்னக் கமரா ஒன்றைக் கட்டிப் பெட்டிக்குள் விட்டு, போனில் படத்தைக் காட்டினாள். மங்கலான வெளிச்சத்தில் நாலு வாய் திறந்திருந்தது. கதிர்காமநாதன் போனை வாங்கி, மூக்குக்குக் கிட்டப் பிடித்து, நாலையும் விரலால் தொட்டு எண்ணினார்.

“இன்னும் ரெண்டரை வாரம் தாங்கிட்டா பறந்துடும் அங்கிள்” என்றாள் பார்கவி. பிறகு திரும்பியவள் பொறிக்கூட்டைப் பார்த்தாள். “என்ன அங்கிள் இது? வாயைப் பெருசாக்கிட்டீங்களா?”

“ஓம்.”

“இப்படியெல்லாம் மாத்தக் கூடாது அங்கிள். வேற பறவை உள்ள போயிடும். மேக்பை போகும், காக்கா போகும். இந்த ஊர்ப் பறவை ஒண்ணு மாட்டுச்சுன்னா நம்ம குழுவையே நிறுத்திடுவாங்க.”

“காகம் இதுக்க வராது. காகத்துக்கு மூளை இருக்கு.”

“அதுக்கும் பசிக்கும் அங்கிள். சனிக்கிழமைக்குள்ள பழையபடி பண்ணிடுங்க, ப்ளீஸ்.”

“காகமும் குஞ்சு தின்னும்தானே? அதை ஏன் ஒருத்தரும் பிடிக்கிறேல்லை?”

“அது இங்கயே காலங்காலமா இருக்கிறது. மைனாவ வெள்ளைக்காரங்க கொண்டுவந்து விட்டாங்க, பூச்சி தின்னும்னு.”

“சொந்தக்காரன் திண்டால் குற்றம் இல்லை. விளங்குது.”

“அங்கிள், கூட்டை மாத்திடுவீங்கல்ல?”

“பாப்பம்.”

அவர் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். பார்கவிக்கு அது தெரியாது.

இரண்டாம் சனி. பவளம் விளக்குமாறோடு நின்றாள். வரதராஜா வீட்டில் இலையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மொட்டையனும் சோடியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு நேரே யூக்கலிப்டஸ் மரத்துக்குப் போவதைக் கதிர்காமநாதன் கண்டார். கிளிகள் கத்தத் தொடங்கின. அவர் நொண்டி நொண்டி வேலிக்கதவைத் திறந்து, ஓடையைச் சுற்றி மரத்தடிக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம். இரண்டு நல்ல கால் இருந்திருந்தால் ஒரு நிமிடம். பெட்டியின் கூரையில் மொட்டையன் நின்றான். கல்லை எடுத்து எறிந்தார். பறந்துபோனான்.

மரத்தடியில் ஒரு குஞ்சு கிடந்தது. செட்டையில் நீலமும் பச்சையும் ஊசி ஊசியாகக் கிளம்பியிருந்தது. சூடு ஆறவில்லை.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே வரதராஜா வீட்டுப் பின்வளவுக்குள் போனார். வேலியில் இலை இன்னும் இருந்தது. இலையின் நடுவில் குஞ்சை வைத்தார்.

“வரதராஜா! இந்தாரும், உம்மட சோத்துக்குக் கறி!”

வரதராஜாவின் மனைவி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். வரதராஜா வெளியே வந்தார். கையில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது.

“அண்ணை! விரத வீட்டில பிணத்தைக் கொண்டந்து போடுறீங்களோ? என்ன வேலை இது?”

“நான் கொல்லேல்லை. உம்மட விருந்தாளி கொத்திச் சாகடிச்சது. இஞ்ச திண்டிட்டு அங்க போய்ச் செய்தவன்.”

“வெக்கம் இல்லையோ உங்களுக்கு? கம்பி வேலிக்குள்ள காம்ப்பில கிடந்த ஆள் நீங்கள். வந்தான் வரத்தான் எண்டு உங்களைச் சொன்னவங்கள்தானே இப்ப மைனாவையும் அப்பிடிச் சொல்லுறாங்கள்? அவங்கள் சொல்ல நீங்கள் கூடு செய்து பிடிச்சுக் குடுக்கிறீங்கள். அதுவும் இந்தப் புரட்டாசியில.”

கதிர்காமநாதன் வரதராஜாவுக்குக் கிட்டப் போனார். அவருக்குக் கோபம் வந்தால் வாய் முந்தும். இந்தத் தடவை கால் முந்தியது.

“நான் வந்து ஆற்ற பிள்ளையைப் பொந்துக்கால இழுத்து எறிஞ்சனான்? சொல்லும். ஆற்ற வீட்டைப் பிடிச்சனான்?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை…”

“என்னையும் அவனையும் ஒரு தராசில வைச்சீர். இவ்வளவு காலமும் பக்கத்து வீட்டில இருந்து என்னை என்னவா நினைச்சுக்கொண்டு இருந்தனீர் எண்டு எனக்கு இப்ப விளங்குது.”

“அண்ணை, கோவத்தில வந்த சொல்லு…”

“கோவத்தில வாறதுதான் உண்மை. எனக்குத் தெரியாதோ? நான் முழுநாளும் கோவத்தில இருக்கிறவன்.”

குஞ்சை எடுத்துக்கொண்டு வந்து யூக்கலிப்டஸ் மரத்தடியில் புதைத்தார். மத்தியானம் பார்கவி தடியோடு வந்து பார்த்தாள். பெட்டிக்குள் மூன்று. பொறிக்கூட்டை அவள் பார்ப்பதற்கு முன்னால் சாக்கால் மூடி வைத்திருந்தார்.

அடுத்த ஒரு கிழமை முழுக்கக் கதிர்காமநாதன் பின்வளவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மொட்டையனையே பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் பிடிபட்டது. சோற்றைக் கண்டு மொட்டையன் வருவதில்லை, கூப்பிடுகிற சத்தத்துக்குத்தான் வருகிறான். போன இரண்டு சனியும், ஏதோ ஒரு வீட்டில் முதல் “கா” கேட்ட உடனேயே மின்கம்பத்தில் இருந்து இறங்கியிருந்தான். வருடக்கணக்காக ஏழு வீட்டுப் பெண்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நாய் பிஸ்கட்டுக்கு அவன் ஏமாறமாட்டான். கூப்பிட்டு, வாழையிலையில், எள்ளுச் சோறு வைத்தால் அவனுக்குச் சந்தேகம் வராது. அது அவனுடைய சாப்பாடு.

மூன்றாம் சனி விடிய பவளத்திடம் சொன்னார். “நீ ஒருக்கா வந்து கூப்பிடு. சோத்தைக் கூட்டுக்க வைப்பம்.”

பவளம் கையில் இருந்த எள்ளுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். “விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தைப் பிடிக்கிறதோ? அதுவும் சாமிக்குச் சமைச்ச சோத்தில? என்னைக் கொண்டு அது நடவாது.”

“மூண்டு குஞ்சு இருக்கு.”

“இருக்கட்டும். எனக்கும் ஒரு பயம் இருக்கு.”

அவள் சாமியறைக்குள் போனதும் கதிர்காமநாதன் குசினிக்குள் போனார். பானையில் இருந்து ஒரு பிடி எள்ளுச் சோறு, மேசையில் இருந்து ஒரு துண்டு வாழையிலை. கூட்டுக்குள் கையை விட்டு நடுவில் வைத்தார். மற்ற வீடுகளில் இன்னும் சமையல் முடியவில்லை. தகரக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார்.

“கா… கா…”

வாழ்க்கையில் அவர் காகத்தைக் கூப்பிட்டதில்லை. அது வீட்டில் பெண்கள் பார்க்கிற வேலை. குரல் கிழிந்த தகரம் மாதிரி வந்தது.

வேலிக்கு அப்பால் வரதராஜாவின் மனைவி கேட்டார்: “பவளமக்கா, அண்ணைக்கு என்ன செய்யுது? சுகமில்லையோ?”

“கா… கா… கா…”

மொட்டையன் இறங்கினான். சோடியும் இறங்கியது. இலையைக் கண்டான். கூட்டைச் சுற்றி ஒரு நடை. அகல வாயில் தலையை வைத்தான். பின்வாங்கவில்லை. நேரே உள்ளே போனான். சோடியும் பின்னால் போனது.

இரண்டும் பிடிபட்டாயிற்று. இனி மூடவேண்டும், மூடினால்தான் அடங்கும். கொடியில் காய்ந்த போர்வையை எடுக்கக் கதிர்காமநாதன் கொட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். போய் வர இரண்டு நிமிடம். முழங்கால் இரண்டு நிமிடம் கேட்கும்.

வந்து பார்த்தால் கூட்டுக்குள் கறுப்பாக ஒன்று நின்றது.

காகம். நல்ல வளர்ந்த காகம். வெள்ளைக் கண். எல்லாரும் மாரடித்துக் கூப்பிட்டும் வராத காகம், கதிர்காமநாதன் கூப்பிட வந்து, அவர் அகலமாக்கிய வாயால் நுழைந்து, மைனா இரண்டையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு எள்ளுச் சோற்றில் வாய் வைக்கப் போகிற நேரம் அவரைக் கண்டது. பிறகு கூடு ஆடியது. செட்டை கம்பியில் அடித்தது, இறகு பறந்தது. மூன்றும் கத்தின. கூரைகளிலும் வயர்களிலும் காகங்கள் வந்து குந்தின. ஐந்து, எட்டு, பத்து. வந்ததெல்லாம் அவரைப் பார்த்துக் கத்தியது.

பவளம் ஓடி வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் தீபத்தட்டு.

“ஐயோ! புரட்டாசிச் சனியில சனீஸ்வரன்ர காகத்தைக் கூட்டில அடைச்சுப்போட்டியளே!”

“நான் அடைக்கேல்லை. அது வந்தது.”

“ஆற்ற சோறு அது? என்ர பானையில எடுத்தியளோ?”

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். போனை எடுத்துப் பார்கவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“அங்கிள், கதவைத் திறந்து விட்டுடுங்க. இப்பவே.”

“திறந்தால் மொட்டையனும் போயிடுவான் பிள்ளை. இனி அவன் உசிர் போனாலும் கூட்டுக்க வரான்.”

“தெரியும் அங்கிள். போனாப் போகட்டும். காக்கா அடிச்சுக்கிட்டே செத்துடும். நான் கிளம்பிட்டேன்.”

வேலிக்கு மேலே வரதராஜாவின் தலையும் போனும் தெரிந்தன. “அண்ணை, கதவைத் திறவுங்கோ. எல்லாம் பதிவாகுது.”

“பதிவாக்கும்! நல்லாப் பதிவாக்கும்! குஞ்சு செத்துக் கிடந்த நேரம் உம்மட போன் எங்க போனது?”

கூட்டின் கதவு ஒரு முழுப் பக்கம். திறந்தால் மூன்றும் போகும். ஒன்பதாம் நம்பர்ப் பெட்டிக்கு இன்னும் ஒரு கிழமைக் கணக்கு. கதிர்காமநாதன் கதவைத் தொடவில்லை. கொட்டிலில் இருந்து குறடு ஒன்றை எடுத்து வந்தார். வாயில் உள்நோக்கி வளைந்திருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக வெளியே மடக்கினார். இனி அது பொறி இல்லை, வெறும் ஓட்டை. ஓட்டையை மூடவேண்டும். போர்வை தடிப்பு, அதற்குள் கை வேலை செய்யாது. இடுப்பில் இருந்த சாரத்தை உருவி ஓட்டையில் போட்டார். அரைக் காற்சட்டையோடு நின்றார்.

“கடவுளே” என்றது வேலிப் பக்கம்.

“பவளம், இதைச் சுத்திப் பிடி. என்ர கைக்கு மட்டும் இடம் விடு.”

பவளம் அசையவில்லை.

“காகம் சாகப்போகுது, பிடியடி!”

அவள் தீபத்தட்டைப் புல்லில் வைத்துவிட்டுக் குந்தினாள். சாரத்தை ஓட்டையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். “காகத்துக்காகப் பிடிக்கிறன். உங்கட கிளிக்கெண்டு நினையாதேங்கோ.”

தான் அகலமாக்கிய வாயால் அவர் தோள் வரைக்கும் கையை விட்டார். காகம் முதலில் விரலில் கொத்தியது. பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தசையைப் பிடித்து இழுத்துக் கிழித்தது. அவர் வாயில் வந்த வார்த்தைகளை விரத நாளில் எழுதக் கூடாது. ஒரு கால் அகப்பட்டது. பிறகு மற்றக் கால். செட்டையை உடம்போடு சேர்த்து அணைத்து, சாரத்துக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். பவளத்தின் கையும் கூடவே இறுகியது. காகம் வெளியே வந்தது. ஒரு கணம் அவருடைய நெஞ்சில் கிடந்தது. அதன் இதயம் மெசின் மாதிரி அடிப்பது அவருக்குக் கேட்டது. விட்டார். நேரே யூக்கலிப்டஸ் உச்சிக்குப் போய் நின்று கத்தியது. கூரையில் இருந்தவை எல்லாம் பின்னால் போயின.

கதிர்காமநாதன் புல்லில் மல்லாந்து கிடந்தார். கையில் இருந்து இரத்தம் முழங்கை வரைக்கும் வடிந்தது. எழும்ப முடியவில்லை. கூட்டின் ஓட்டையில் இருப்பது பவளத்தின் பத்து விரல் மட்டும்.

“அக்கா, இனி விடுங்கோ” என்றார் வரதராஜா. குரல் நல்லதாகத்தான் இருந்தது. “அதுகளும் போகட்டும். இண்டைக்கு விட்டால் எவ்வளவு புண்ணியம்.”

பவளம் வரதராஜாவைப் பார்த்தாள். கூட்டுக்குள் மொட்டையனைப் பார்த்தாள். அவனும் தலையைச் சரித்து அவளைப் பார்த்தான். அவள் விளக்குமாறோடு நின்று இரண்டு சனி துரத்திக் கலைத்த ஆள்தான் அவன். பிறகு புல்லில் கிடந்தவரைப் பார்த்தாள்.

“மூண்டு குஞ்சு எண்டோ சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“வடிவா எண்ணினதோ?”

“பார்கவி எண்ணினது. நானும் எண்ணினனான்.”

பவளம் சாரத்தை ஓட்டையைச் சுற்றி முறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். தீபத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விளக்கு எப்போதோ அணைந்திருந்தது.

பார்கவி வந்து மைனா இரண்டையும் மூடிய பெட்டிக்கு மாற்றினாள். கதிர்காமநாதனின் கையைக் கழுவிக் கட்டுப் போட்டாள். பிறகு கூட்டின் வாயை விரலால் அளந்தாள். இன்னொரு தடவையும் அளந்தாள்.

“அங்கிள், கூட்டை நான் எடுத்துக்கிட்டுப் போகணும். உங்க பேரையும் எடுக்கணும். நடந்ததை நான் மறைக்க முடியாது.”

“மறைக்கச் சொல்லி ஆர் கேட்டது? நான்தானே வெட்டினனான். சொல்லும்.”

“மாத்தச் சொல்லிட்டு நான் சும்மா இருந்துட்டேன்…”

“நான் ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லும். உம்மட சின்ன வாய்க் கூட்டில மொட்டையன் வந்திருப்பானோ?”

பார்கவி யோசித்தாள். “வந்திருக்க மாட்டான் அங்கிள். ஆனா காக்காவும் வந்திருக்காது.”

இரண்டு பாதியும் உண்மை. அவள் சொன்னதில் அவர் முழுதாக நம்பிய முதல் விஷயம் அது. அதற்கும் கோபம் வந்தது.

அன்றைக்கு எந்த வீட்டு இலையிலும் காகம் வாய் வைக்கவில்லை. ஏழு வீடும் மூன்று மணி வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கதிர்காமநாதனைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டது. பவளம் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. அவரும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, கை நோகுது, கரண்டி பிடிக்கேலாது என்றார். கிழிந்தது இடது கை. பவளம் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

நாலாம் சனி. வரதராஜா அந்த வீடியோவைத் தெரு முழுக்க அனுப்பியிருந்தார். அரைக் காற்சட்டையைப் பற்றிக் கடையிலும் பேசினார்களாம். கதிர்காமநாதன் வெளியே போகவில்லை. பெட்டியில் இருந்து வியாழக்கிழமைக்குப் பிறகு சத்தம் இல்லை. பறந்ததோ செத்ததோ தெரியவில்லை. மரத்தடியில் நாலு தடவை தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. பார்கவியின் தடியும் இல்லை. குசினியில் இருந்துகொண்டு ரேடியோவோடு சண்டை பிடித்தார்.

“அண்ணை! கதிரண்ணை! ஓடி வாங்கோ!”

ஒரு கிழமைக்குப் பிறகு வரதராஜா அவரை நேரே கூப்பிட்டது அது. என்ன வில்லங்கமோ என்று போனார்.

வேலியில் வரதராஜா வைத்த இலை. இலையைச் சுற்றி ஐந்து கிளி. சிவப்புத் தலையும் வெள்ளைக் கன்னமுமாக இரண்டு. நிறம் இன்னும் பிடிக்காமல் பச்சை கூடிய குட்டைவால் மூன்று. ஒன்று கால் வழுக்கி வேலியில் தொங்கி ஏறியது.

கதிர்காமநாதன் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. தன்னையும் நம்பாமல் திரும்பவும் எண்ணினார்.

“உங்கட பிள்ளையள், அண்ணை” என்றார் வரதராஜா மெதுவாக. “என்ர இலையில.”

“பாத்துக்கொண்டு நிக்கிறீரோ? கலையும்! அவிச்ச சோறு அதுகளுக்குக் கூடாது!”

“சோறு தின்னேல்லை அண்ணை. எள்ளை மட்டும்தான் பொறுக்குதுகள்.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உண்மைதான். சோற்றைத் தள்ளித் தள்ளி எள்ளை மட்டும் எடுத்தன.

“எள்ளும் கூடாது! இண்டைக்கு உம்மட இலையில பழகினால் நாளைக்கு மரத்தில தேடாதுகள். கலையும் எண்டுறன்!”

வரதராஜா கையைத் தட்டினார். ஐந்தும் எழும்பி ஓடைப் பக்கம் போயின. குட்டைவால் ஒன்று பிந்திப் போனது.

மின்கம்பத்தில் புதிதாக ஒரு மைனாச் சோடி வந்து இறங்கி, கிளி விட்டுப்போன இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் அதைக் கண்டார். பொறிக்கூடு வைத்திருந்த இடத்தில் புல்லு மஞ்சளாகக் கிடந்தது. அவர் தன் விளக்குமாற்றை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

“என்ன அண்ணை இது?”

“காகம் வருமட்டும் நில்லும்.”

“எனக்குப் பதினொரு மணிக்குக் கூட்டம்…”

“பிந்திப் போம்.”

வரதராஜா விளக்குமாற்றை வாங்கினார். அதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கவும் கதிர்காமநாதனுக்குக் கோபம்தான் வந்தது.